கோபாலின் முதல் லோடு

கண்டெய்னர் இழுத்த லோரியை மண் கொட்டும் டிப்பராக மாற்றுவது ஏதோ பெரிய வித்தை என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் தோசைக்கு உட்கார்ந்தால் யாராவது ஒருவர் பேச்சை அங்கே கொண்டுபோய்விடுவார். இப்போது அந்த வேலைக்கு இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட வரைபடம் வேண்டும், முன் அனுமதி வேண்டும். "உங்க காலத்துல எப்படிண்ணே, கண்ணால பார்த்தே வெட்டிட்டீங்களா?" என்று கேலி செய்வார்கள். கண்ணாலும் பார்த்தோம், நூலும் பிடித்தோம். அரசாங்கப் பரிசோதனை அப்போதும் இருந்தது. அதைவிடக் கறாரான பரிசோதகர் ஒருவர் எங்கள் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார்.

கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் இருந்த அந்தப் பட்டறையில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். நான் மெக்கானிக் இல்லை. கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் எனக்குத்தான் போன் போடுகிறார்கள், எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை. என் வேலை என்ஜினுக்குப் பின்னால் தொடங்கும். சேசிஸ் என்று சொல்கிற, லோரியின் நீளத்துக்கு ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள்தான் என் உலகம். முதல் இரண்டு வருடம் துரு சுரண்டினேன், அடுத்த மூன்று வருடம் துளை போட்டேன், அதன் பிறகுதான் வெல்டிங்கைக் கையில் கொடுத்தார்கள். படித்த கதை அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் லியோங் என்ற சீனர்; முதலாளியை எங்கள் பக்கம் தவுக்கே என்போம். ஒல்லியான ஆள், எப்போதும் வெள்ளைப் பனியன், மேலே ஒரு பழைய சட்டை, அதற்குப் பொத்தான் போடமாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. லோரிக்கு அடியில் யாராவது படுத்து வேலை செய்தால், அந்த லோரியின் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். டிப்பர் தொட்டியைத் தூக்கி வைத்திருக்கும்போது, அதற்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக் கால் சரியாக நிற்கிறதா என்று தானே உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரை உள்ளே விடுவார்.

வேலை முடிந்தது என்று போய்ச் சொன்னால் மலாயில் ஒரே கேள்வி கேட்பார்: "ஆப்பா பெலும்?" இன்னும் எது செய்யவில்லை என்று அர்த்தம். "ஒன்றும் பாக்கி இல்லை தவுக்கே" என்று சொன்னவனைத் திரும்ப அனுப்பிவிடுவார். எதுவுமே பாக்கி இல்லாத லோரி உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. போய்ச் சுற்றிப் பார்த்து, ஒரு பிரேக் குழாயின் கிளிப்பையாவது கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டாலே எரிச்சல் வரும். மனிதர் நம்மை நம்பவில்லையே என்றிருக்கும்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் கோபால் தன் லோரியைக் கொண்டுவந்தான். துறைமுகத்தில் கண்டெய்னர் இழுக்கும் ஒரு கம்பெனியில் அதே லோரியைப் பல வருடம் ஓட்டியவன். கம்பெனி பழைய வண்டிகளைக் கழித்தபோது தன் வண்டியைத் தானே வாங்கிக்கொண்டான். வயது நாற்பது இருக்கும். சேமிப்பு முழுவதும் அதில் போய்விட்டது என்று அவன் சொல்லவில்லை, அவன் மனைவி இந்திராணி சொன்னார். சுபாங் ஜெயாவில் வீடுகள் கட்டுகிற இடத்தில் மண் ஏற்றும் வேலை பேசி வைத்திருந்தான். குறித்த செவ்வாய்க்கிழமை லோரி அங்கே நிற்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதை மட்டும் தினமும் வந்து சொல்லிவிட்டுப் போவான்.

கண்டெய்னர் இழுக்கிற லோரிக்கு முதுகு குட்டை. பாரம் பின்னால் வரும் டிரெய்லரில்தான் இருக்கும், லோரியின் முதுகில் இருப்பது டிரெய்லரைப் பூட்டும் வட்டத் தட்டு ஒன்றுதான். முதலில் அந்தத் தட்டைக் கழற்றினோம். ஆறு பேர் சேர்ந்து தள்ளும் கனம், அடியில் பல வருடத்துக் கிரீஸ் களி மாதிரி அப்பியிருந்தது. பிறகு சேசிஸைக் கம்பிப் பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன்.

அடுத்தது வெடிப்புத் தேடுவது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வேலை இதுதான். மண்ணெண்ணெயைச் சட்டம் முழுக்கத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஈரமே தெரியாமல் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். வெடிப்பு இருந்தால் அதற்குள் இறங்கிய மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் முடி போல ஒரு கறுப்புக் கோடு போடும். அவசரக்காரனுக்கு அந்தக் கோடு தெரியாது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்க்க வேண்டும். கோபாலின் லோரியில் இரண்டு கோடுகள், இரண்டும் பழைய போல்ட் துளைகளின் ஓரத்தில். நல்ல லோரி என்று தவுக்கேயே தலையாட்டினார்.

சேசிஸை வெட்டி நீட்டும்போது நேராக வெட்டக் கூடாது, சாய்த்து வெட்டி இடையில் துண்டைச் செருகி வெல்டு வைத்து, உள்பக்கம் இன்னொரு தகடு கொடுத்துத் தாங்க வேண்டும். துளை போடுவதாக இருந்தால் சட்டத்தின் நிற்கும் பக்கத்தில்தான், மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் ட்ரில் படவே கூடாது, அங்கே துளை போட்டால் வெடிப்புக்கு நாமே வழி காட்டுகிறோம். நீட்டிய பிறகு முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரத்துக்குக் குறுக்கே நூல் பிடித்தேன். இரண்டு பக்க அளவுக்கும் ஒரு நூல் கனம்கூட வித்தியாசம் இல்லை. அன்று மத்தியானம் கொஞ்சம் கர்வத்தோடுதான் சாப்பிட்டேன்.

கதைக்கு முக்கியமானது இனிமேல் சொல்லப்போவது. டிப்பர் தொட்டியைத் தாங்க ஒரு தனிச் சட்டம் உண்டு. அதை நேராக சேசிஸ் மேல் வைப்பதில்லை, நடுவில் செங்கால் என்ற காட்டு மரத்தில் சீவிய நீளப் பட்டை ஒன்று வைப்போம். இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க அந்த மரம். மூன்றையும் சேர்த்து வளைந்த யூ-போல்ட்டுகளால் இறுக்கிக் கட்டுவோம். பக்கவாட்டில் நகராமல் இருக்கத் தகடுகள் வேறு. மரம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் முதல் பாரத்தில் கொஞ்சம் அமுங்கும். அமுங்கினால் போல்ட் தளரும். அதனால் பட்டறையின் சட்டம் இது: முதல் நாள் அரை லோடு மட்டும் ஏற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, திரும்பப் பட்டறைக்கு வர வேண்டும். போல்ட்டுகளை மறுபடி முடுக்கி, பக்கத் தகடுகளுக்கு மீதித் துளைகளைப் போட்ட பிறகுதான் முழு லோடு. அதுவரை ஒரு தகட்டுக்கு இரண்டு போல்ட்தான் இருக்கும். தவுக்கேயின் "பெலும்" பட்டியலில் முதல் வரி எப்போதும் இதுதான்.

அந்த வாரம் தவுக்கே ஈப்போவில் இருந்தார். சீனர்கள் முன்னோரைக் கும்பிடும் செங் பெங் நாளுக்கு அப்பாவின் கல்லறையைச் சுத்தம் செய்யப் போயிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் கோபால் வந்தான்.

"அண்ணே, நாளைக்குக் காலையில ஏழே முக்காலுக்கு நல்ல நேரம். கோயில்ல சொல்லியாச்சு. இப்ப எடுத்துட்டுப் போனாதான் மணல் ஏத்த முடியும்."

எங்கள் பக்கத்து லோரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது டிப்பரின் முதல் லோடு கோயிலுக்கு. எங்கள் மாரியம்மன் கோயில் முற்றத்தில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், அதனால் மணலுக்கு எப்போதும் வேலை இருந்தது. சன்னதிக்கு முன்னால் தொட்டியைத் தூக்கிக் கொட்டினால், லோரி அம்மனைக் கும்பிட்டுவிட்டது என்பார்கள்.

"அரை லோடு ஏத்தி, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு இங்க கொண்டுவரணும்பா. போல்ட்டை மறுபடி முடுக்கணும்," என்றேன்.

"அரை லோடே ஏத்துறேண்ணே. பூசை முடிஞ்சதும் நேரா இங்கதான் வரேன். நல்ல நேரத்தை விட்டா அடுத்து புதன்கிழமை லா. செவ்வாய்க்கிழமை வேலை போயிரும்."

நானும் அதே கோயிலுக்குப் போகிறவன். நல்ல நேரம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தவுக்கே இருந்திருந்தால் ஒரு சீனர் சொன்னார் என்று கோபாலும் அடங்கியிருப்பான், எனக்கும் மறுக்கச் சுலபமாக இருந்திருக்கும். அரை லோடுதானே என்று சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை கோயிலில் லோரியைப் பார்த்ததும் நேராக அதனிடம் போனேன். மணல் தொட்டிக்கு மேலே குன்றாக நின்றது. ஆற்று மணல், இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோபால் அசடு வழிந்தான். "மணல் கொட்டாய்ல நம்ம ஆளுதாண்ணே மெஷின் ஓட்டுறாரு. கோயிலுக்குன்னு சொன்னேன். அப்ப குறைச்சலா போடக்கூடாதுன்னு அவரே ரெண்டு வாளி சேர்த்துப் போட்டுட்டாரு." கோபப்படவா சிரிக்கவா என்று தெரியவில்லை. பக்தியில் ஏற்றிய பாரத்தை யார் இறக்கச் சொல்வது? அர்ச்சகர் தயாராக நின்றார், தவில் வந்துவிட்டது. அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். மணி எட்டேகால். நல்ல நேரம் எட்டே முக்காலோடு முடிகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தோடு போய் நின்றேன்.

இந்திராணி லோரிக்கு ஆரத்தி எடுத்தார். பச்சைப் பட்டுப் புடவை, முகத்தில் அத்தனை சந்தோஷம். எலுமிச்சம்பழங்கள் மேல் சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு கோபால் லோரியைப் பின்னால் எடுத்து முற்றத்தில் நிறுத்தி, தொட்டியைத் தூக்கத் தொடங்கினான். இடது பக்கம் பெண்களும் பிள்ளைகளும் கைகூப்பி நின்றார்கள். நான் பழக்கதோஷத்தில் சேசிஸ் மேல் வைத்த மரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

தொட்டி மூன்றில் ஒரு பங்கு எழும்பியபோது மரம் கிரீச்சிட்டது. வலது பக்க மணல் சரிந்து கொட்ட, இடது பக்க ஈர மணல் தொட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பாரம் முழுவதும் இடப்பக்கம் போனது. யூ-போல்ட் ஒன்றின் நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே என் விரல் நுழையும் இடைவெளி. தொட்டிச் சட்டம் சேசிஸை விட்டு இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது. தொட்டி பெண்கள் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியவில்லை.

ஓடிப்போய்க் கோபாலின் கதவைத் தட்டினேன். "இறக்கு. மெல்ல இறக்கு. சட்டுன்னு விட்டுடாத." மறு கையால் பெண்களைத் தள்ளிப் போகச் சொன்னேன். கோபால் நல்ல டிரைவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை, அங்குலம் அங்குலமாக இறக்கினான். தொட்டி உட்கார்ந்தபோது என் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

தவில் நின்றுவிட்டது. கோயில் தலைவர் வந்தார். "என்ன மணியம், என்ன ஆச்சு?"

"ஹைட்ராலிக் ஆயில் பத்தலைங்க," என்றேன். "மணல் வேற ஈரம். கையாலதான் இறக்கணும்."

அந்தப் பொய் எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். இத்தனை வருடப் பெயர், இத்தனை பேர் முன்னால். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு ஏறினோம். மீதி மணலை இறக்கி முடிக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டி எமகண்டம் தொடங்கிவிட்டது.

மண்வெட்டியோடு நின்றபோது கோபாலின் அக்கா பாக்கியம் சொன்னது என் காதில் விழுந்தது. "அப்பன் செத்து வருசம் திரும்பல. இவ ஆரத்தித் தட்டை எடுக்கலாமா? அதான் அம்மன் வாங்கிக்கல." இந்திராணியின் தகப்பனார் அதற்கு நான்கு மாதம் முன்பு காலமாகியிருந்தார். சுற்றி நின்ற பெண்கள் ஆமாம் என்றார்கள். இந்திராணி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போனார். வாய்க்கு வந்த பேச்சு, நாளைக்கு மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு மணலை அள்ளினேன்.

திங்கட்கிழமை தவுக்கே திரும்பி வந்தார். லோரியின் அடியில் குனிந்து, நசுங்கிய மரத்தில் விரலை வைத்துத் தடவினார். "ஆப்பா பெலும்?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. புது மரம் வைத்து, அரை லோடு ஏற்றி ஓட்டி வந்து, துளைகள் போட்டு, போல்ட்டுகளை மறுபடி முடுக்க இருட்டும்வரை கூடவே நின்றார். கடைசியில் மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார், லோரிக்காரனுக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றேன். என் கையைத் துடைக்கத் துணியை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றே கோபாலிடம் சொன்னேன். காலால் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினான். பிறகு, "யாருக்கும் ஒண்ணும் ஆகலைல, விடுங்கண்ணே. ஆனா வெளியில சொல்லிடாதீங்க. சேசிஸ் ஆடுன லோரின்னு பேர் வந்தா சுபாங் ஜெயாவுல என்னை உள்ள விடமாட்டான். ஆயில் கம்மின்னே இருக்கட்டும்," என்றான். எனக்கும் அது வசதியாக இருந்தது. அவன் பிழைப்பு, என் பெயர், இரண்டும் தப்பித்தன. நாங்கள் இருவரும் அன்று யோசித்ததில் இந்திராணி வரவேயில்லை.

லோரி செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனது. பதினோரு வருடம் ஓடியது, சேசிஸில் ஒரு வெடிப்பு இல்லை. அதை நான் பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் கோபாலைப் பார்க்க சுங்கை பூலோ போனேன். மகள் வீட்டில் இருக்கிறார்கள், பேத்தி பிறந்திருக்கிறாள். கோபாலுக்கு முழங்கால் போய்விட்டது, சோபாவில் உட்கார்ந்தபடிதான் எல்லாம். இந்திராணி டீ கொண்டுவந்தார்.

"ஞாயித்துக்கிழமை பாப்பாவை முதல் தடவையா நம்ம மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டு போறோம்ணே. நீங்களும் வாங்க. பாக்கியம் அண்ணி வந்து ஆரத்தி எடுக்கிறாங்க."

"பாட்டி நீதானேம்மா எடுக்கணும்?" என்றேன்.

"நான் எடுக்கிறதில்லண்ணே," என்றார், சீனி போதுமா என்று கேட்கிற குரலில். "மக கல்யாணத்துக்கே அண்ணிதான் எடுத்தாங்க. என் கை பட்டா என்ன ஆகும்னு அன்னைக்கு எல்லாரும் பார்த்தாங்கல்ல."

பதினெட்டு வருடம். கோபால் எப்போதோ சொல்லியிருப்பான் என்று நான் நம்பியிருந்தேன். அவனைப் பார்த்தேன், அவன் டிவியைப் பார்த்தான். நான் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னேன். போல்ட், மரம், அரை லோடு, ஆயில் என்று சொன்ன பொய், எல்லாம். நான் முடித்த பிறகு இந்திராணி புருஷன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

கோபால் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்."

அவர் அழவில்லை. குழந்தையின் துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார். நான்கைந்து துணி மடித்த பிறகு சொன்னார்: "என்கிட்ட சொல்லி என்னண்ணே. நான் ஒண்ணும் செய்யலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரியாதவங்க கோயில்ல இருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தலைவரிடம் இரண்டு நிமிடம் கேட்டேன். அன்று மண்வெட்டி பிடித்தவர்களில் பாதிப் பேராவது அங்கே இருந்தார்கள். மைக் வேண்டாம் என்றுவிட்டேன். ஆயில் குறையவில்லை, போல்ட்டை நான் மறுபடி முடுக்கவில்லை, அதை மறைத்துப் பொய் சொன்னேன், தொட்டி சாய்ந்தது என் கையால், அந்தப் பெண் எடுத்த ஆரத்தியில் ஒரு குறையும் இல்லை என்றேன். முப்பத்தோரு வருடம் சம்பாதித்த பெயர் அந்த இரண்டு நிமிடத்தில் போவதை முகங்களில் பார்த்தேன். கோபால் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றான். "எனக்கும் தெரியும். நான்தான் சொல்ல வேணாம்னேன்," என்றான்.

பாக்கியம் அக்காவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். கையில் மஞ்சள் நீர் கலந்த தட்டோடு நின்றவர், அதை இந்திராணியிடம் நீட்டினார். மன்னிப்பு கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படிக் கேட்டுப் பழக்கம் இல்லை போல.

இந்திராணி தட்டை வாங்கினார். வாங்கிக்கொண்டு, மகளின் கையில் இருந்த குழந்தைக்கு எதிரில் அப்படியே நின்றார்.

"எத்தனை சுத்து அண்ணி?" என்று மெல்லக் கேட்டார்.

"மூணு," என்றார் பாக்கியம் அக்கா.